சாமிச் சீட்டும் என் சுருள்முடியும்

போன மாதம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில், பின்தங்கிய பகுதிகளில் மருத்துவ ஆராய்ச்சித் திறனை வளர்ப்பது எப்படி என்று இரண்டு நாள் கூட்டம் போட்டார்கள். ஓய்வு பெற்று, செய்தித்தாளை இரங்கல் விளம்பரம் வரைக்கும் படித்து முடித்துவிட்டு அடுத்து என்ன என்று உட்கார்ந்திருந்த என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் எழுந்து, "சார், உங்க காலத்துல திருத்தணி மாதிரி ஊர்ல ஆராய்ச்சித் திறனை எப்படிக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டாள். "பஸ்ஸில்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் ஏன் என்று புரியவில்லை. உண்மையிலேயே பஸ்ஸில்தான் கொண்டு வந்தோம்.

அவள் விடவில்லை. "யாருக்கு எந்த மருந்துன்னு குலுக்கல் முறையில ஒதுக்கறத, படிக்காத நோயாளிகளுக்கு எப்படிப் புரிய வச்சீங்க?" என்றாள். நல்ல கேள்வி. பதிலைத் தொடங்க நான் தொண்டையைச் செருமுவதற்குள் சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்கள். பனீருக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நான் ஆராய்ச்சியாளன் அல்ல. ஆராய்ச்சியாளர்களுக்குச் சளி கொண்டுவந்து கொடுத்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் காசநோய்க்கு எந்த மருந்து முறை நல்லது என்று கண்டுபிடிக்க, சென்னையிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் திருத்தணியில் ஒரு கிளை திறந்தது. அதில் நான் களப்பணியாளன். சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். கதவைத் தட்டுவது, மாத்திரை எண்ணுவது, கண்ணாடிச் சில்லில் சளியைத் தேய்ப்பது, திட்டு வாங்குவது. நான்கிலும் தேறினேன்; கடைசிப் பாடத்தில் முதலிடம்.

கிளை என்றால் மரத்தின் கிளை அளவுக்குக்கூட இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பாத்திரக்கடையின் பின்பக்கக் குடோன். மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்பெட்டி, ஒரு நுண்ணோக்கி, ஒரு எடை மெஷின், அரக்கோணத்திலிருந்து வந்த கரீம். கரீம் மோட்டார் மெக்கானிக்கின் மகன். குளிர்பெட்டியைப் பழுது பார்க்க ஒரு நாள் வந்தவன், 'இது நாளைக்கும் நிக்கும்' என்று சொல்லி மறுநாளும் வந்தான். அது நின்றது. இப்படியே வந்துகொண்டிருந்ததில், கிளையை நடத்திய டாக்டரம்மா அவனை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். "கார்புரேட்டர்ல தூசி தேடறதும் இதுல கிருமி தேடறதும் ஒண்ணுதாம்பா. கார்ல கண்டுபுடிச்சா துட்டு குடுப்பான், இங்க ரிப்போர்ட்டுல ஒரு கையெழுத்துதான் குடுக்கறாங்க" என்பான்.

சென்னைக்குப் போக வேண்டிய சளியை நான் ஊர் ஊராகச் சேகரித்து மரப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வருவேன். பள்ளிப்பட்டு பஸ்ஸில் முதல் நாள் கண்டக்டர் பெட்டியைக் காலால் தட்டி, "இன்னா சாரே, ஸ்வீட்டா? லக்கேஜ் போடணுமே" என்றார். "காசநோய்க்காரங்க சளி" என்றேன். லக்கேஜ் போடவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், அவர் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், முன்சீட்டில் குழந்தையோடு இருந்த அம்மாள் இறங்கவே இறங்கிவிட்டார். அன்றிலிருந்து ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அரசாங்க வேலையில் நான் அனுபவித்த ஒரே சலுகை.

சளி எடுப்பது லேசான காரியமல்ல. 'காறித் துப்புங்க' என்றால் எச்சிலைத் துப்புவார்கள். நெஞ்சின் அடியிலிருந்து வர வேண்டும். அதற்கு டாக்டர்கள் மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கு வேறொரு வழி தற்செயலாக அகப்பட்டது. நோயாளி சிரித்தால் இருமுவார். இருமினால் கோப்பையில் நல்ல சளி விழும். ஆகவே வீடு வீடாகப் போய் ஜோக் சொன்னேன். பழைய உரையாசிரியர்கள் அணிகளை வகைப்படுத்திய மாதிரி நான் ஜோக்குகளை வகைப்படுத்தி வைத்திருந்தேன்: லேசான எச்சில் தருவது, பாதிக் கோப்பை தருவது, பக்கத்து வீட்டுக்காரரையும் இரும வைப்பது. எழுத்தாளர்கள் யாருக்கும் தங்கள் நகைச்சுவையின் பலனை மில்லி லிட்டரில் அளந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்ததில்லை. எனக்குக் கிடைத்தது.

இனி டாக்டரம்மா. டாக்டர் சௌந்தரவல்லி, எங்கள் கிளையின் தலைவர். சின்ன உருவம், இடுப்பைத் தாண்டிய பின்னல். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். உச்சக் கோபத்தில் உதடு மட்டும் அசையும். நாமே புரிந்துகொண்டு நடுங்க வேண்டும். 'கொஞ்சம்', 'அடிக்கடி', 'பரவாயில்லை' என்ற மூன்று சொற்களுக்கும் குடோனுக்குள் அனுமதி கிடையாது.

"அந்த கே.ஜி.கண்டிகை பெரியவர் இப்ப பரவாயில்லை மேடம்."

"எது பரவாயில்லை சபாபதி? எடையா, காய்ச்சலா, இல்ல உங்க மனசா?"

எடை என்று நான் சொன்னால், மெஷின் சரியாக நிற்கிறதா என்று பார்க்க என்னையே ஏற்றிப் பார்ப்பார். வாரா வாரம் என் எடை மாறாமல் இருந்தால்தான் நோயாளியின் எடையை நம்புவார். அதனால் தீபாவளி வாரத்தில்கூட நான் பலகாரத்தை அளந்து தின்ன வேண்டியிருந்தது.

அவர் ஒரு வேலையை மட்டும் பூஜை மாதிரி செய்வார் என்றால் அவருக்குக் கோபம் வரும். இருந்தாலும் அப்படித்தான் செய்தார். ஆய்வில் இரண்டு சிகிச்சை முறைகள். ஒன்று, தினமும் வீட்டிலேயே மாத்திரை. இன்னொன்று, வாரம் இரண்டு முறை குடோனுக்கு வந்து எங்கள் கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும். யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது. மனிதன் என்றால் இரக்கமும் சாய்வும் இருக்கும். அதனால் சென்னையில் எண் அட்டவணை ஒன்றைப் பார்த்து, சீட்டுகளை உறையில் போட்டு, அரக்கு வைத்து, வரிசை எண் போட்டு அனுப்புவார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் கருப்புத் தாள் சுற்றியிருக்கும். கரீம் ஒவ்வொரு உறையையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'தெரியல மேடம்' என்று உறுதி சொல்வான். டாக்டரம்மா கை கழுவித் துடைத்துவிட்டு உறையை எடுத்து என்னிடம் கொடுப்பார். நான் அதை நோயாளியிடம் நீட்டுவேன். அவரே பிரிப்பார். மஞ்சள் அட்டை வந்தால் மாத்திரை, வெள்ளை வந்தால் ஊசி.

முதல் உறையைப் பிரித்தவர் பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர். நான் நீட்டியதும் அவர் செருப்பை வெளியே விட்டார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மலையைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடி, "முருகா, நீயே பாத்துக் குடு" என்று இரண்டு கையாலும் வாங்கினார்.

இந்தப் பக்கத்தில் கல்யாணமோ, கடையோ, வரப்புத் தகராறோ, மனசு தடுமாறினால் சீட்டு எழுதி சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். எடுத்தது சாமி சொன்னது. அப்பீல் கிடையாது. நாங்கள் சென்னையிலிருந்து அரக்கு வைத்துக் கொண்டுவந்த அறிவியலைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூடக் குழப்பம் வரவில்லை. 'அட, சாமிச் சீட்டு!' என்றார்கள். அவ்வளவுதான், ஊரெல்லாம் பரவிவிட்டது. சிலர் கிருத்திகை அன்றைக்குத்தான் வருவேன் என்றார்கள். ஒருவர் சூடம் கொண்டு வந்தார். பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் பெட்டி இருந்ததால் கரீம் அவர் கையிலிருந்து நயமாகப் பிடுங்கினான்.

டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் விளக்கினார். "இது சாமி இல்லீங்க. சென்னையில ஒரு எண் பட்டியல் இருக்கு. அதுல எண்கள் எந்த ஒழுங்கும் இல்லாம இருக்கும். அதைப் பாத்துதான்..."

"ஆங், ஆங், சரிங்க டாக்டரம்மா" என்பார்கள். கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மற்ற ஊர்க் கிளைகளில், 'அவனுக்கு ஊசி, எனக்கு வெறும் மாத்திரையா?' என்று ரகளை. எங்கள் ஊரில் ஒரு முணுமுணுப்பு இல்லை. சென்னையிலிருந்து வந்த பெரியவர்கள் எங்களைப் பாராட்டி, குடோனிலேயே டீ சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். டாக்டரம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. "கேள்வி கேக்காம ஒத்துக்கறவங்க, கேள்வி கேக்காம மறுக்கவும் செய்வாங்க சபாபதி" என்றார், மெதுவாக. மெதுவாகச் சொன்னதால் எனக்குப் பயமாகவும் இருந்தது.

மறுத்தது கன்னியம்மா.

பொதட்டூர்பேட்டைக்காரி, நாற்பது வயதிருக்கும். புருஷன் தேவராஜு தறிக்குழியில், இவள் ராட்டையில் நூல் சுற்றுவாள். என் ஜோக்குகளுக்கு அவளைப் போன்ற ரசிகை வாய்த்ததில்லை. அவள் என்னை 'நைனா' என்பாள். ஆந்திர எல்லை ஊர்களில் சின்னவனை அப்பா என்று கூப்பிட்டுச் செல்லம் கொஞ்சுவது வழக்கம். "இன்னொண்ணு சொல்லு நைனா" என்று ராட்டையை நிறுத்திவிட்டு உட்காருவாள். சொல்வேன். சிரிப்பாள். சிரிப்பு இருமலாகும், இருமல் உடம்பையே சுருட்டிப் போடும், கடைசியில் கோப்பையில் நான் வந்த காரியம் முடிந்திருக்கும். "உன்னோட தமாசுக்கு நான் குடுக்கற கூலி இதான்" என்று மூடி போட்டுக் கொடுப்பாள்.

அவளுக்கு வந்தது மஞ்சள் அட்டை. அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி, விபூதி வைத்திருந்தாள். ஒரு வேளைகூட மாத்திரை தவறியதில்லை. நான் திடீரென்று போய் எண்ணிப் பார்த்தும் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் அவள் கூடச் சேர்ந்தவர்களின் சளியில் கிருமி மறைந்த பிறகும், கரீம் அவள் சில்லை மட்டும் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவான். பிறகு சென்னையிலிருந்து தகவல் வந்தது: அவள் நெஞ்சில் இருக்கும் கிருமிக்கு அந்த மாத்திரை ஒரு பொருட்டே அல்ல. அவளுடைய எடை இறங்கிக்கொண்டே வந்தது. துண்டில் ரத்தம் பார்த்ததாக தேவராஜு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மருந்தை மாற்ற வேண்டும். அப்படி மாற்ற ஆய்வின் விதியிலேயே இடமிருந்தது. சென்னையிலிருந்து மாற்று மருந்துகளும் ஊசியும் வந்து குளிர்பெட்டியில் காத்திருந்தன.

டாக்டரம்மாவே என்னோடு பஸ் ஏறி பொதட்டூர்பேட்டைக்கு வந்தார். கன்னியம்மா அவருக்குப் பாய் விரித்து, எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்:

"வோணாம் டாக்டரம்மா. இது சாமி குடுத்தது. மாத்தக் கூடாது."

"சாமி குடுக்கலம்மா. எண் பட்டியல்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. அந்த நம்பருங்கள யாரு எழுதனாங்க?"

"யாரும் எழுதல. யாரும் தன் இஷ்டத்துக்கு எழுதக் கூடாதுன்னுதான் அப்படி ஒரு பட்டியல். யாரோட விருப்பமும் அதுல இல்ல."

கன்னியம்மா இரக்கத்தோடு அவரைப் பார்த்தாள். "மனுசன் யாரும் குடுக்காம ஒண்ணு வந்துச்சின்னா, அதத்தானேம்மா சாமி குடுத்ததுன்றோம்?"

தறிச் சத்தம் நின்றிருந்தது. குழிக்குள்ளிருந்து தேவராஜு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் உதடு அசைகிறதா என்று பார்த்தேன், அசையவில்லை. கோபமில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"மருந்து மாத்தலன்னா நீ பிழைக்கறது கஷ்டம் கன்னியம்மா" என்றார் கடைசியில்.

"தெரிதுமா. சாமி சொன்னத மீறிப் பொழச்சி, அப்பறம் இந்த மனுசனுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா?" என்று தறிக்குழியைக் காட்டினாள்.

திரும்பி வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். சளிப்பெட்டி இல்லாததால் உட்கார இடம் கிடைக்கவில்லை.

குடோனில் கரீம் உடனே வழி சொன்னான். "சிம்பிள் மேடம். ரெண்டு சீட்டு எழுதுவோம், ரெண்டுலயும் 'மாத்து'ன்னு. எதை எடுத்தாலும் மாத்துதான்."

எனக்கும் அது அற்புதமான யோசனையாகத்தான் பட்டது. டாக்டரம்மா அலமாரியைக் காட்டினார். உள்ளே பிரிக்காத உறைகள் அரக்கோடு அடுக்கியிருந்தன. "ஒரு தடவை நாம பொய்ச் சீட்டு போட்டா, அந்த உறை அத்தனையும் பொய்தான் கரீம்."

"அப்ப நிஜமாவே போடுவோம்" என்றேன் நான், அறிவாளி மாதிரி. "மாத்து, மாத்தாதே. மலை மேல கொண்டு போய்ப் போட்டா அவ ஒத்துக்குவா."

"மாத்தாதேன்னு வந்தா?"

குளிர்பெட்டியின் திரி புகைந்துகொண்டிருந்தது. கரீம் போய் அதைச் சரி செய்தான். சரி செய்ய வேண்டிய அளவுக்கு அது புகையவில்லை.

அடுத்த ஊசி நாளன்று தேவராஜு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வெளி பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு, வாழ்நாளில் அதிகம் பேசாத அந்த மனுஷன் பேசினார்.

"டாக்டரம்மா, ராத்திரியெல்லாம் யோசன பண்ணிகினு இருந்தேன். சாமி சொன்னத மாத்தவே கூடாதுன்னு இல்ல. அபராதம் கட்டினா மாத்தலாம். எங்க அண்ணன் காவடி எடுக்கறன்னு வேண்டிகினாரு. கால் ஒடிஞ்சி பூட்ச்சி. முடி குடுத்து மாத்திகினாரு. சாமி ஒண்ணும் கோச்சிக்கல. நானே முடி குடுக்கறன்னா இவ ஒத்துக்க மாட்டேன்றா."

பெஞ்சிலிருந்து கன்னியம்மாவின் குரல் மெலிசாக வந்தது. "வேண்டிகினவரு அவுரு, மாத்திகினவரும் அவுரு. அது ஞாயம். இங்க மாத்தறது யாரு? நீயா? தறி தவிர உனக்கு இன்னா தெரியும்? மாத்தறவங்கதான் முடி குடுக்கணும்."

"சரி" என்றார் டாக்டரம்மா.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, வேறு யாருடைய பொருளையோ பார்ப்பது போலப் பார்த்தார். "மருந்தை மாத்தறது நான்தான். சாமி குடுத்ததுன்னு நான் நம்பல கன்னியம்மா, அத இப்பவும் சொல்றேன். ஆனா நீ கேக்கறது நியாயம். இன்னிக்கே போகலாமா?"

கன்னியம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஐயோ, நீ வோணாம் தாயீ! இம்மாம் முடிய..." என்று கையை வீசினாள். பிறகு அவள் பார்வை மெதுவாக நகர்ந்து என் மேல் வந்து நின்றது. என் தலைமேல் என்று சொல்வதுதான் துல்லியம். "அட்டைய நீட்டனது நைனா கைதானே? அவரு குடுக்கட்டும்."

இங்கே என் முடியைப் பற்றி இரண்டு வரி எழுதியாக வேண்டும். நெற்றியில் விழும்படி ஒரு சுருள் வைத்திருந்தேன். தேங்காயெண்ணெயும், தண்ணீரும், சுற்றிவிட ஒரு பென்சிலும் கொண்டு தினமும் காலையில் அதை உருவாக்குவேன். மறு வெள்ளிக்கிழமை சோளிங்கரில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. படிப்பு, சம்பளம், உயரம் மூன்றிலும் சுமாரான ஒருவனுக்கு அந்தச் சுருள்தான் சொத்து.

"நான் சொல்ல மாட்டேன் சபாபதி. உங்க தலை" என்றார் டாக்டரம்மா.

அவர் உத்தரவு போட்டிருந்தால் எதிர்த்திருப்பேன். 'உங்க தலை' என்று சொல்லிவிட்டு, பின்னலைத் திரும்பவும் பின்னால் போட்டுக்கொள்ளாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பின்னலைப் பார்த்தேன். பெஞ்சில் எலும்பாகக் கிடந்த என் முதல்தர ரசிகையைப் பார்த்தேன். "போலாம் வாங்க" என்றேன் தேவராஜுவிடம். கரீம், "இரு, நானும் வரேன். இதப் பாக்காம மைக்ராஸ்கோப்புல இன்னாத்த பாக்கறது" என்று கூடவே கிளம்பினான்.

மலையடிவாரக் குளக்கரையில் நாவிதர் என் சுருளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "எதுக்குபா வேண்டுதல்?" என்றார்.

"மருந்து மாத்தறதுக்கு" என்றேன்.

"உனக்கா?"

"இவரு சம்சாரத்துக்கு" என்று தேவராஜுவைக் காட்டினேன்.

அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே யோசித்தார். "இத்தினி வருசத்துல இது புச்சா கீதுபா" என்றார்.

தலையில் சந்தனம் பூசிக்கொண்டு குடோனுக்குத் திரும்பியதும் கன்னியம்மா எழுந்து நின்று, மொட்டையை ஒரு பக்கம், மறுபக்கம், பின்பக்கம் என்று மேற்பார்வையிட்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினாள். டாக்டரம்மா ஊசி போட்டார். பிறகு அட்டையில் தேதியைத் தப்பாக எழுதி அடித்தார்; அவர் அடித்துத் திருத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 'கொஞ்சம்' தடுமாறினார் என்று எழுதத் தோன்றுகிறது. தடை இன்னும் நீங்கவில்லை.

திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அங்கே அது ஊர்ச் சீருடை. சோளிங்கரில் அப்படியில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பெண்ணின் அப்பா பதறி எழுந்து, "என்னங்க தம்பி, வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதாங்க" என்றேன்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இருமலில்லாத, சுத்தமான சிரிப்பு. தொழில்முறையில் அதைக் கவனித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்போடுதான் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

கன்னியம்மா அதற்குப் பிறகு ஒரு ஊசிக்கும் தவறவில்லை. மழை கொட்டும்போதும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி வருவாள். மருந்தின் மேலுள்ள நம்பிக்கை என்று நானும் கரீமும் பெருமைப்பட்டோம். காரணம் வேறு. அபராதத்தைச் சாமி ஏற்றுக்கொண்டால் கொடுத்த முடி செழிப்பாக வளரும் என்பது அவள் கணக்கு. அதைச் சரிபார்க்கத்தான் வந்துகொண்டிருந்தாள். உள்ளே வந்ததும், "குனி நைனா" என்பாள். குனிவேன். தடவிப் பார்த்து, "ம்" என்றுவிட்டு ஊசிக்குப் போவாள். டாக்டரம்மா அவள் எடையைப் பார்ப்பார், அவள் என் தலையைப் பார்ப்பாள். இருவருடைய அளவையிலும் தவறு சொல்ல முடியாது.

பிரச்னை என்னவென்றால், அவள் எடை ஏறியது. என் முடி ஏறவில்லை. எங்கள் அப்பாவுக்கு முப்பதிலேயே வழுக்கை. சாமியும் பரம்பரையும் ஒரே நேரத்தில் என் தலையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் வளர்ந்தது, பின்னால் வளர்ந்தது, சுருள் விழ வேண்டிய இடம் மட்டும் ஆற்று மணல் மாதிரி கிடந்தது. எனக்கு வருத்தத்தைவிடப் பயம் அதிகம்: சாமி ஏற்கவில்லை என்று இவள் ஊசியை நிறுத்திவிட்டால்? இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் என் தலையையும் அவள் எடை அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் சம்பந்தமில்ல. இருந்தாலும் எண்ணெய் தடவிப் பாருங்க" என்றார். தன் வாழ்நாளில் அவர் ஆதாரமில்லாமல் எழுதிக் கொடுத்த ஒரே மருந்து அது.

பல மாதம் கழித்து சென்னையிலிருந்து அவளுடைய முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிருமி இல்லை. மறுபடியும் இல்லை. கடைசி முடிவையும் எடுத்துக்கொண்டு நானே பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். வழக்கம்போல் கோப்பையும் கொண்டு போனேன். கடைசியாக ஒரு சளி எடுக்க வேண்டியிருந்தது. ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் தேவராஜு தறிக்குழியிலிருந்து ஏறி வந்து பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னியம்மா சந்தோஷப்படவில்லை. என் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னால முளைக்கவே இல்லியே நைனா. சாமி ஒத்துக்கலியா?"

"ஒத்துக்கினதாலதான் முளைக்கல" என்றேன். "காணிக்கை குடுத்தத சாமி திருப்பிக் குடுப்பாரா? ஓரத்துல இருக்கறது அவருக்கு வோணாம்னு விட்டது. நல்ல முடியா பாத்து அவரே வச்சிகினாரு. இப்ப மலை மேல போயி பாரு, முருகனுக்கு நெத்தியில சுருள் இருக்கும்."

ஒரு கணம் முழித்தாள். பிறகு சிரிப்பு பிடித்துக்கொண்டது. ராட்டையிலிருந்து கை நழுவியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தாள். நான் பழக்கதோஷத்தில் கோப்பையின் மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

சிரித்து முடித்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடியும் என் நெற்றியைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

இருமல் வரவில்லை.

"இன்னா நைனா, கோப்பைய நீட்டிகினே நிக்கற?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லி மூடினேன். நான் சொன்னவற்றிலேயே சிறந்த ஜோக் அதுதான். கோப்பை காலி.